பிளஸ் டூ முடித்தும் கல்லூரிக்குப் போகாத ஓராண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வெளியானதும், தேர்ச்சி பெற்றும் எங்கும் விண்ணப்பிக்காத பிள்ளைகளின் வீடுகளைத் தேடி எங்கள் வட்டாரத்தில் நாங்கள் சிலர் போவோம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்த வீட்டுத் திண்ணைகளில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றையும், பக்கத்துப் பள்ளிகளின் இளம் ஆசிரியர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் எல்லோரும்தான் கல்லூரிக்குப் போகிறார்களே, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னால் நிற்கிறோம் என்பது உண்மை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் 18 முதல் 23 வயது வரையிலானவர்களின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது அந்த வயதினரின் தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் எவ்வளவு என்ற கணக்கு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4தான். இதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் 2025இல் பிளஸ் டூ எழுதியவர்களில் 95.03 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள். இரண்டும் வெவ்வேறு கணக்குகள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட முடியாது. என்றாலும் பள்ளி வாசலைத் தாண்டிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கல்லூரி வாசலுக்கு வந்து சேரவில்லை என்பதை ஊரில் நடந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அரசுக்கும் இது தெரியும். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவதே, விண்ணப்பிக்காமல் விட்டவர்களை அழைத்துவந்து சேர்ப்பதற்காகத்தான்.

இந்த வருடம் வேண்டாம் என்று முடிவெடுப்பது யார்? பிள்ளையா, பெற்றோரா?

எந்த வீட்டுக்குப் போனாலும், “அவனுக்கே விருப்பம் இல்லை டீச்சர்” என்பதுதான் முதல் பதில். பிள்ளையும் தலையை ஆட்டும். நான் அந்தத் தலையாட்டலை நம்புவதை விட்டு வெகுநாள் ஆகிறது.

ஒரு வீட்டில் 480க்கு மேல் மதிப்பெண் எடுத்த பையன். படிப்பில் ஆர்வம் இல்லை என்று அம்மா முன்னால் மூன்று முறை சொன்னான். நாங்கள் கிளம்பியபோது என் குடையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தான். பாதி வழியில், “அப்பாவுக்கு ஒரு கை விழுந்துவிட்டது டீச்சர். தம்பி பத்தாவது போகிறான். நான் காலேஜ் போனால் அவன் பள்ளிக்கூடத்தை விட வேண்டியிருக்கும்” என்றான். அவன் இதை வீட்டில் யாரிடமும் விவாதித்ததில்லை. யாரும் அவனைக் கேட்டதும் இல்லை.

நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு என்று ஒன்று நடப்பதே இல்லை. ‘இந்த வருடம் போகட்டும்’ என்று அப்பாவோ சித்தப்பாவோ ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ஜூன் போய்விடும், கலந்தாய்வு முடிந்துவிடும். பிறகு அந்த மௌனத்துக்கே பிள்ளையின் விருப்பம் என்று பெயர் வந்துவிடும். அதனால்தான் சமூகக் காரணங்களைப் பற்றிப் பேசும்போது, பதினேழு வயதுப் பிள்ளை யாருக்காக வாயை மூடிக்கொள்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பணம்தானே உண்மையான காரணம்? மற்றவை சாக்குகள்தானே?

பணம் பெரிய காரணம்தான். ஆனால் பலர் நினைப்பதுபோல் அது கல்லூரிக் கட்டணம் மட்டும் அன்று. அரசு கலை அறிவியல் கல்லூரியில் கட்டணம் குறைவு. வீட்டை அழுத்துவது வேறு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, வராமல் போகும் கூலி. பிள்ளை கல்லூரிக்குப் போனால் மூன்று ஆண்டுகள் சம்பாத்தியம் இல்லை. சித்தாள் வேலைக்கோ கடைக்கோ போனால் அடுத்த சனிக்கிழமையே கையில் காசு. மகளிர் குழுக் கடனும் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்தச் சனிக்கிழமைக்கு இருக்கும் பலம் பட்டத்துக்கு இல்லை.

இரண்டாவது, பணம் தேவைப்படும் நேரம். உதவித்தொகை சேர்ந்த பிறகுதான் வரும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அப்படித்தான். சேர்க்கை, விடுதி முன்பணம், ஒரு பெட்டி, இரண்டு ஜோடித் துணி, பஸ் செலவு எல்லாம் ஜூனிலேயே வேண்டும். அதே மாதத்தில்தான் தம்பி தங்கைகளுக்கும் பள்ளி திறக்கிறது. பத்தாயிரம் ரூபாய் ஆறு மாதம் கழித்து வருமென்பது, இன்று அந்தப் பத்தாயிரம் இல்லாத வீட்டுக்கு எந்த வகையிலும் உதவாது. கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வாங்க வழி இருக்கிறது. ஆனால் கடன் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது. வங்கி மேலாளரின் அறைக்குள் போகத் துணிந்த பெற்றோர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

பிளஸ் டூவில் பெண்கள்தான் முன்னால் இருக்கிறார்கள். 2025இல் மாணவியர் தேர்ச்சி 96.70, மாணவர் 93.16. ஆகவே படிப்பு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்வதும் இல்லை. “காலம் கெட்டுக் கிடக்கிறது” என்பார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல பயங்கள் இருக்கின்றன. வெளியூர் பஸ்ஸில் யாரோடு பேசுவாள், காதல் என்று ஏதாவது வந்துவிடுமா, அதுவும் வேறு சாதியாக இருந்துவிடுமா, பெயர் கெட்டால் தங்கைக்கு யார் வருவார்கள் என்று நீளும் பயங்கள். இவற்றுக்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு. பெண் டிகிரி முடித்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும், படித்த மாப்பிள்ளைக்கு நகை கூடும். ஒரு தகப்பனார் இதை என்னிடம் மறைக்காமல் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, மகள் மீது உயிரையே வைத்திருந்தவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது பெண்ணுக்கு வயது பதினேழு முடியும் தறுவாயில் இருக்கும். ‘ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும்’ என்றால் அந்த ஆண்டு அவளைச் சரியாகப் பதினெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சட்டப்படி திருமணம் செய்துவைக்கலாம் என்ற வயது அது. பையனுக்கு ஓராண்டு தள்ளிப்போனால் அது ஓராண்டுதான். பெண்ணுக்குத் தள்ளிப்போகும்போது அந்த இடத்தில் ஜாதகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அரசுப் பணமும் முன்பு திருமணத்தின் பக்கமே நின்றது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம், திருமணத்தின்போது தாலிக்குத் தங்கமும், பத்தாவது படித்தவளுக்கு 25,000 ரூபாயும், பட்டம் பெற்றவளுக்கு 50,000 ரூபாயும் தந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயருக்கு இப்போதைய வடிவம்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். 2022இல் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்று தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறார்கள். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் படிக்கும் பெண்ணின் பெயரில் பணம் வருகிறது என்பது சில வீடுகளில் பேச்சின் போக்கையே மாற்றியதை நேரில் பார்த்தேன். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததும் உதவியது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரிக்கு அந்தப் பஸ் போகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மில்லுக்கு ஒரு வருடம் போய்ச் சம்பாதித்துவிட்டுப் பிறகு சேரலாமே?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்கிறார்கள், அதுவும் ஆர்வத்தோடு. திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் பிளஸ் டூ முடித்த பெண்களை விடுதியோடு வேலைக்கு எடுக்கின்றன. வேன் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். கல்லூரிக்கு நாம்தான் அலைய வேண்டும். இந்த வித்தியாசம் பெற்றோரை எவ்வளவு ஈர்க்கிறது என்பதை நகரத்தில் இருப்பவர்கள் புரிந்துகொள்வது கடினம்.

நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். நீண்ட வேலை நேரம், வெளியே போகத் தடை, பாதியில் நின்றவர்களுக்குத் தொகை மறுப்பு என்று அதன்மீது வந்த புகார்கள் கொஞ்சமல்ல. கேம்ப் கூலி என்று ஊரில் சொல்வது அந்த விடுதி வேலையைத்தான். இப்போது அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கப் பெண் வேலைக்குப் போகிறாள் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. போகிற பெண்ணிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: சம்பளம் யார் கணக்கில் விழும்? தன் கணக்கில் என்றால் அவள் திரும்பிவரக்கூடும் என்ற நம்பிக்கை எனக்கு வருகிறது.

பையன்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்?

அவர்கள் கண்முன் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. கடன் வாங்கிப் படித்து, அரியர் வைத்து, இன்று ஜவுளிக் கடையில் பில் போடும் அண்ணன் தெருவுக்கு ஒருவர் உண்டு. அந்த அண்ணனைவிட டைல்ஸ் ஒட்டும் இன்னொரு அண்ணன் இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார், பைக் வைத்திருக்கிறார். பையனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்? சோம்பேறி என்று திட்டுவதில் பயன் இல்லை, அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான். டைல்ஸ் வேலையில் முட்டி தேய்ந்து நாற்பது வயதில் நிற்பவரையும், வங்கித் தேர்வு எழுதி உள்ளே போன பி.காம். பையனையும் அவனுக்குக் காட்டத்தான் ஆள் இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. வரவேற்கிறேன். ஆனால் பைக் தவணையோடு அது போட்டி போட முடியாது.

நீட்டுக்காக ஓராண்டு நிற்பதும் இதே வகைதானா?

இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. மில்லுக்குப் போகும் பெண்ணிடமிருந்து ஓராண்டைப் பறித்துக்கொள்கிறார்கள். நீட் ரிப்பீட்டருக்கு ஓராண்டைக் குடும்பம் விலை கொடுத்து வாங்குகிறது.

2017 முதல் இங்கே மருத்துவச் சேர்க்கை நீட் வழியாக நடக்கிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை ஒரு மாற்றத்தைக் காட்டியது. மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்தது, 2020-21இல் 71.42 ஆகிவிட்டது. அதாவது காத்திருக்க வசதி உள்ளவருக்குத்தான் வாய்ப்பு. ‘லாங் டேர்ம்’ பயிற்சிக்கும் விடுதிக்கும் லட்சக்கணக்கில் செலவாகும். அது இல்லாத வீட்டில் முதல் முயற்சியே கடைசி முயற்சி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஓரளவு கைகொடுக்கிறது.

நின்று படிக்கும் பிள்ளைக்கும் பாரம் உண்டு. மொத்தச் சொந்தமும் ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகாது, நண்பர்களின் போனை எடுக்காது. தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்தால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, நீட்டுக்கு முயற்சிகளின் எண்ணிக்கையில் வரம்பு இல்லை என்பதால் நாமே ஒரு வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது முயற்சி நடக்கும்போதே ஒரு பி.எஸ்சி. இடத்தையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

சாதி இதில் எங்கே வருகிறது?

எங்கும் வருகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. தென்மாவட்டங்களில் கல்லூரி பஸ் எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதைப் பார்த்துப் பிள்ளையை அனுப்பாமல் இருக்கும் வீடுகள் உண்டு. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் வேண்டாம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு நிலைமை இருக்கிறது. மகன் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைக்கும் தாயிடம் கட்-ஆஃப் பற்றிப் பேச எனக்கு வாய் எழவில்லை.

இன்னொரு தடை காகிதத்தில் இருக்கிறது. காட்டுநாயக்கன் போன்ற பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது. அக்காவுக்குக் கொடுத்த சான்றிதழைத் தம்பிக்குத் தர விசாரணை என்று அலைய விடுகிறார்கள். அந்தப் பிள்ளை ‘தள்ளிப்போட்டது’ என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

வீட்டில் யாரும் படித்ததில்லை என்பதும் ஒரு காரணமாகுமா? விண்ணப்பம் எல்லாம் இணையத்திலேயே இருக்கிறதே?

இணையத்தில் இருப்பதுதான் சிக்கல். ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவு எண் வரும் போன் அப்பாவின் சட்டைப்பையில், அப்பா கேரளாவில் கட்டட வேலையில். மின்னஞ்சல் முகவரியை இ-சேவை மையத்துக்காரர் உருவாக்கித் தந்திருப்பார், கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதும், கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் அதற்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதும் கடைசி நாளன்று தெரியவரும். படித்த அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாதவருக்கு அதுவே ஓராண்டு.

வெளிநாட்டில் பிள்ளைகள் தாங்களாகவே ஓராண்டு இடைவெளி எடுக்கிறார்களே, அது நல்லதுதானே?

நல்லதாக இருக்கலாம். பிரிட்டனில் இடம் கிடைத்த பிறகு அடுத்த ஆண்டு சேருகிறேன் என்று கேட்டுப் பெறும் வழக்கம் உண்டு, இடம் காத்திருக்கும். நார்வேயில் தேர்வே இல்லாத நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளில் ஓராண்டு தங்கி இசையோ கைத்தொழிலோ கற்பார்கள். இங்கே கலந்தாய்வில் கிடைத்த இடம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்காது. திரும்பிவர இடம் இருப்பவரின் ஓய்வையும், இல்லாதவரின் காத்திருப்பையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பேசும் ஆசிரியர் என்ன கேட்க வேண்டும்?

‘ஏன் படிக்கவில்லை’ என்று தொடங்காதீர்கள், குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். சில சமயம் மாற்றுச் சான்றிதழையே பள்ளியிலிருந்து வாங்கியிருக்க மாட்டார்கள், சில சமயம் அடகுக் கடைக்காரரிடமோ வேலைக்கு அழைத்துப்போன ஏஜென்டிடமோ இருக்கும். காகிதங்கள் இருக்கும் இடம் தெரிந்தால் பாதிக் கதை விளங்கிவிடும். பிறகு பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

என் மகள் இரண்டு ஆண்டுகளாக மில்லில் இருக்கிறாள். இனிமேல் சேர்க்க முடியுமா?

முடியும் அம்மா. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குக் காலாவதி கிடையாது. சில படிப்புகளுக்கு வயது வரம்பு உண்டு, விண்ணப்பத்தோடு வரும் விளக்கக் குறிப்பில் முதலில் அதைப் பாருங்கள். ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான ஜே.இ.இ. மட்டும் பிளஸ் டூ முடித்த ஆண்டைக் கணக்கில் எடுக்கும். ஏற்ற பாடம் படித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஓராண்டு மிச்சம். வேலையை உடனே விட முடியாவிட்டால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் கல்லூரி இருந்தால் நேரில் போய்ப் படிப்பதைத்தான் நான் சொல்வேன், வகுப்புத் தோழிகள் கிடைப்பார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், அவள் பெயரில் வங்கிப் புத்தகம் இவ்வளவையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லாததற்கு ஜனவரியிலேயே இ-சேவை மையத்தில் எழுதிப் போடுங்கள், மே மாதக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம். போன வருடம் ஒரு பெண் மூன்றாண்டு கழித்து பி.காம். சேர்ந்தாள். வகுப்பில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று முதல் வாரம் அழுதாள். இரண்டாம் பருவத்தில் கணக்குப் பதிவியல் சந்தேகம் கேட்க அந்தத் தங்கைகள் அவள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார்கள்.